அருவி நீரால் தெளியாத மறதி



சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியும் குற்றாலமும் களைகட்டும். சித்தம் கலங்கியோரைக் குற்றால அருவியில் நீராட்டினால் தெளிவு பிறக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. ஆனால், எந்த அருவியாலும் தெளியாத கலக்கம் ஒன்று உள்ளது. அதுவே குடியினால் விளையும் மறதி நோய்.

நெடுநாள் குடிப்பவர் சரிவர உண்பதில்லை. உண்ணும் சிறிதளவு உணவிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் பி1 சத்தும் உடலில் சேராதபடி மது தடுக்கிறது. அச்சத்து குன்றினால் மூளையின் உயிரணுக்கள் சர்க்கரையைச் சக்தியாக மாற்ற இயலாமல் மடிகின்றன. நடை தள்ளாடும், கண்கள் நிலைகொள்ளா, புத்தி குழம்பும். மூன்றும் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. இந்நிலையை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். இதைத் தொடரும் மறதியை 1887இல் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ் விளக்கினார்.

நினைவு என்பது மூளையின் ஒரே அறையில் பூட்டிவைத்த பொருளன்று. ஹிப்போகாம்பஸ், தாலமஸ் முதலிய பகுதிகளை நரம்பிழைகள் இணைப்பதாலேயே புதிய நினைவு பதிகிறது. இவ்விணைப்பு சிதைந்தவர் காலையில் உண்டதை மறப்பார். நடவாததை நடந்ததாகக் கூறுவார். அது பொய்யன்று, நோய்.

மீட்சி உண்டா? உண்டு, ஆனால் காலம் தாழ்த்தலாகாது. தயமினை நரம்பூசி மூலம் உடனே செலுத்த வேண்டும். அதற்கு முன் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது நோயை முற்றச் செய்யக்கூடும். கண்கள் விரைவில் சீராகும். நினைவு திரும்ப மாதங்கள் ஆகும். சிலருக்குப் பெருமளவு திரும்பும், சிலருக்கு ஓரளவே, சிலருக்குத் திரும்புவதேயில்லை. மதுவை அறவே விட்டவர்களின் சுருங்கிய மூளை ஓரளவு மீள்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

சகோதரிகளே! மார்க்கம் மதுவை ஹராமாக்கியுள்ளது. அதனாலேயே நம் இல்லங்களில் குடிப்பவரின் நோய் மறைக்கப்படுகிறது. ஜமாஅத் அறிந்தால் இழிவு, மகளின் நிக்காஹ் தடைபடும் என்றெல்லாம் அஞ்சுகிறோம். பாவத்திற்குத் தவ்பா உண்டு. மடிந்த உயிரணுவுக்கு மறுபிறப்பு இல்லை. கணவரோ மகனோ தடுமாறினால் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே அழைத்துச் செல்லுங்கள். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஒரு சொல்லே உரிய ஊசியை உரிய நேரத்தில் பெற்றுத்தரும். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்; வழி தேடுவது நம் கடமை.