சான்று அட்டை இல்லாத செயலி வேண்டாம்



ஜவ்வாது மலை அடிவாரத்தில், படவேட்டுப் பக்கம் நெல்லும் வாழையும் பயிர் செய்கிற நண்பர்களே! சான்று விதை வாங்கும்போது என்ன பார்க்கிறீர்கள்? மூட்டையில் நீல நிற அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். "நல்ல விதைதாங்க" என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பி விதைப்பதில்லை. கைப்பேசியில் புதிய செயலி ஒன்றைச் சேர்க்கும்போதும் அதே எச்சரிக்கை தேவை.

பி.எம். கிசான் திட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் சேருகிறது. இந்தப் பெயரை வைத்தே மோசடிக்காரர்கள் வலை விரித்தார்கள். 2024, 2025 ஆண்டுகளில் பல மாநிலங்களில் வாட்ஸ்அப் வழியாக 'பி.எம். கிசான்' என்ற போலிச் செயலி பரவியது. இப்படி வரும் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும்.

அது எப்படி வேலை செய்கிறது? செயலியைச் சேர்த்ததும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாமும் "சரி, சரி" என்று தட்டிவிடுவோம். அதோடு பெட்டிச் சாவி கை மாறிப் போச்சு! வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் உங்கள் கண்ணில் படுமுன்னே திருடனுக்குப் போய்விடும். உங்கள் வாட்ஸ்அப்பையும் அவன் கைப்பற்றி, உங்கள் பெயரிலேயே உற்றார் உறவினருக்கெல்லாம் அதே கோப்பை அனுப்புவான்.

ஆகவே, "நம்ம பங்காளிதானே அனுப்பியிருக்கார்" என்பது சான்று ஆகாது. பங்காளி அனுப்பியிருக்க மாட்டார். அவருடைய போன் அனுப்பியிருக்கும்!

இணையத்தில் ஏதாவது பார்க்கும்போது, "உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே இதை இறக்குங்கள்" என்று திடீரென ஓர் அறிவிப்பு எழும்பலாம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் போனைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதில் எந்தப் பொத்தானையும் தொடாமல் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை இவைதான்:

1. செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டுமே எடுங்கள். அங்கேயும் வெளியிட்டவர் யார் என்று பாருங்கள்.

2. போன் அமைப்புகளில், வெளியிடங்களிலிருந்து செயலி சேர்க்கும் அனுமதியை மூடி வையுங்கள்.

3. பி.எம். கிசானில் சந்தேகம் இருந்தால் வேளாண்மை அலுவலகத்திலோ பொது சேவை மையத்திலோ நேரில் கேளுங்கள்.

தவறித் தொட்டுவிட்டால் என்ன செய்வது? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போனை உடனே அணையுங்கள். வேறொருவர் போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. வந்த செய்தியை அழிக்க வேண்டாம், புகாருக்கு அது வேண்டும். உங்கள் எண்ணிலிருந்து வந்த கோப்பைத் திறக்க வேண்டாம் என்று உறவினருக்கும் சொல்லி அனுப்புங்கள். தெரிந்தவரைக் கொண்டு செயலியை நீக்கிய பிறகே போனைப் பழையபடி பயன்படுத்துங்கள்.

களையை ஒரு வயலில் விட்டுவைத்தால் அடுத்த வயலுக்கும் அது பரவும். இதுவும் அப்படித்தான்.