யார் சொன்ன பயணக் கதை?

இருண்ட கண்டம்! ஆப்பிரிக்காவுக்கு இப்படியொரு பெயர் சூட்டினர். 1878-ல் ஸ்டான்லி தம் பயண நூலின் தலைப்பிலேயே அதைப் பொறித்தார். படித்தவர் நம்பினர், கேட்டவர் அஞ்சினர்.

இருண்டிருந்தது கண்டமா, கண்டவர் கண்ணா?

அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு போய் வந்தவர் ஒருவர் உண்டு, தோழர்களே! மொராக்கோ நாட்டு இபின் பதூதா. நம் மதுரையையும் கண்டவர். 1352-ல் சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாடு சென்றார். திரும்பி வந்து சொன்னார், எழுதிவைத்தனர்.

சொன்னது என்ன? வழிக்குச் சோற்று மூட்டை வேண்டாம். பொன் வேண்டாம், வெள்ளி வேண்டாம். உப்புத் துண்டு, கண்ணாடி மணி, கொஞ்சம் வாசனைச் சரக்கு போதும். ஊருக்கு ஊர் பெண்கள் தானியமும் பாலும் கோழியும் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்வர். கள்ளர் பயமில்லை, துணைக்குக் கூட்டம் தேடத் தேவையில்லை. வந்த இடத்தில் அயலூரான் இறந்தால் அரசு அவன் சொத்தைப் பறிக்காது; வாரிசு வரும்வரை நம்பிக்கையானவரிடம் ஒப்படைக்கும்.

முகத்துதியா பாடினார்? இல்லை! பட்டாடையும் பணமுடிப்பும் எதிர்பார்த்தவருக்கு மன்னர் அனுப்பியது மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு குடுக்கைத் தயிர். சிரித்தேவிட்டார்; அதையும் சொன்னார். தகாசாவில் பாறை உப்பை வெட்டியவர்கள் அடிமைகள் என்பதையும் மறைக்கவில்லை. வலாத்தா நகரில் அந்த உப்பு ஒரு சுமை 8 முதல் 10 மிஸ்கால் பொன். மாலித் தலைநகரிலோ 20, 30, சில வேளை 40! வெட்டியவன் வயிற்றுக்குப் பேரீச்சம்பழமும் ஒட்டக இறைச்சியும், வெளியூர்த் தானியமும். உழைப்பவனுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

ஸ்டான்லி கதை வேறு. 1879 முதல் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கூலி பெற்றார். காங்கோவில் பாதை போட்டார். ஒப்பந்தங்கள் எழுதி வாங்கினார். 1885-ல் அந்நாடே மன்னரின் சொந்தச் சொத்தாயிற்று. பிறகு ரப்பர் வேட்டை! போதிய ரப்பர் தராத ஊர்களில் கைகள் வெட்டப்பட்டன. இருட்டைப் போக்க வந்தவர்கள் ஏற்றிய விளக்கு இது!

ஆகவே, பயணக் கதை கேட்கும்போது எவ்வளவு தூரம் போனார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் செலவில் போனார், யாருக்காகச் சொன்னார் என்றும் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவரை அழைத்து உட்காரவையுங்கள். சிங்கத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம். அங்கே பசித்தபோது சோறிட்டவர் யார், வழி தவறியபோது கைபிடித்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்!