பல வாசல்களை ஒரு வாசலாக்குதல்: நாசாவின் பூமித் தரவுகள்

“வாப்பாட வட்டைக்குப் போன சிறுபோகத்துல எப்ப ஈரம் இல்லாமப் போச்செண்டு பாக்கத்தான் தேடுறன் சேர். மழைக் கணக்கு ஒரு எடத்துல கெடக்கு, மண்ணுட ஈரம் இன்னொரு எடத்துல கெடக்கு” என்று அம்பாறை மாவட்டத்து மாணவி ஒருவர் அலுத்துக்கொண்டார். அவர் தேடியது அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளை. அவற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. எந்த நாட்டவரும் எடுக்கலாம். எங்கே கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

இந்தச் சிதறல் தற்செயலானதல்ல. 1990களில் நாசா தன் பூமி அவதானிப்புத் தரவுகளைத் துறைவாரியாகப் பிரித்து, அந்தந்தத் துறை அறிஞர்கள் இருக்கும் நிலையங்களிடம் ஒப்படைத்தது. மழை, மேரிலாந்திலுள்ள கிரீன்பெல்ட்டுக்குப் போனது. நிலமும் தாவரமும் தென் டகோட்டாவிலுள்ள சூ ஃபால்ஸுக்கு. கடல், கலிபோர்னியாவின் பசடேனாவுக்கு. இப்படி 12 நிலையங்கள் வரை இருந்தன. 2015 இல் ஏவப்பட்ட ஸ்மாப் செயற்கைக்கோள் அளக்கும் மண்ணீரம் எங்கே போனது தெரியுமா? கொலராடோவிலுள்ள பனி, பனிக்கட்டித் தரவு நிலையத்துக்கு! மண் உறைவதையும் உருகுவதையும் அதே கருவி அளப்பதால் அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. ஆனாலும் வேளாண்மைக்காரர் ஒருவர் தன் வயலின் ஈரத்தைத் தேடிப் பனிக்கட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவாரா?

ஒருங்கிணைப்பு என்றதும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் ஒரே களஞ்சியத்தில் கொட்டுவது என்று நினைக்கிறோம். தரவுகள் படிப்படியாக அமேசன் நிறுவனத்தின் மேகக் கணினிச் சேமிப்புக்கு மாற்றப்படுவது உண்மைதான். ஆனால் அசல் வேலை பட்டியலில்தான் நடந்தது. ஒவ்வொரு தரவுத் தொகுதியும் எதை அளக்கிறது, எந்தக் கருவியால், எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்ற விபரங்களை ஒரே ஒழுங்கில் எழுதி ஒரு பொதுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒருவர் மழைவீழ்ச்சி என்பார், மற்றவர் படிவுவீழ்ச்சி என்பார். இரண்டையும் ஒரு குடும்பத்தில் சேர்க்கப் பொதுச் சொற்பட்டியல் வேண்டியிருந்தது. நூலகத்தில் புத்தகம் அடுக்கியவர்களுக்கு இந்தச் சிரமம் விளங்கும்.

திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ மோடிஸ் என்ற கருவியின் கோப்புப் பெயர்களில் தேடினால் 2004361 என்றிருக்கும். அதாவது அந்த ஆண்டின் 361வது நாள். இடத்துக்கும் இதே கதைதான். மோடிஸின் தாவரத் தரவுகள் உலகத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி வைத்திருக்கின்றன. அந்த வெட்டுக்கோடு நம் தீவின் நடுவே, கண்டிப் பக்கமாகப் போகிறது. கொழும்பு ஒரு கோப்பில், அம்பாறை அடுத்த கோப்பில்! முன்பு இந்த இலக்கங்களை மனனம் செய்து வைத்திருந்தவர்தான் நிபுணர். இப்போது எர்த்டேட்டா தேடுதளத்தில் வரைபடத்தின் மேல் ஒரு கட்டம் வரைந்து, நாட்காட்டியில் நாளைத் தெரிவுசெய்தால் போதும். வேண்டிய கோப்புகள், அவை எந்த நிலையத்துக்குரியவையாக இருந்தாலும், ஒரே கணக்கின் கீழ் வந்துவிடும். நிலையங்களின் தனித்தனி இணையத்தளங்களையும் எர்த்டேட்டாவுக்குள் கொண்டுவரும் வேலையை நாசா அண்மைய ஆண்டுகளில் செய்துவருகிறது.

நல்ல விடயம்தான். ஆனால் எனக்கொரு பயமும் உண்டு. வாசல் ஒன்றாகிவிட்டதால் உள்ளே இருப்பவையும் ஒரே மாதிரியானவை என்று நம்பிவிடுவோம். அப்படி இல்லை. செயற்கைக்கோள் மழைத் தரவின் ஒரு நாள் கிறீன்விச் நேரப்படி தொடங்குகிறது. நமக்கு அது காலை 5.30. ஆகவே செவ்வாய் அதிகாலை 2 மணிக்குக் கொட்டிய மழை அங்கே திங்கட்கிழமைக் கணக்கில் விழும். நமது வளிமண்டலவியல் திணைக்களமோ காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை அளக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு “செயற்கைக்கோள் பிழை” என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிழை அங்கே இல்லை, நாள் மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

அளவும் அப்படித்தான். தாவரத் தரவின் ஒரு சதுரம் 250 மீற்றர், சுமார் 15 ஏக்கர். மழைத் தரவின் சதுரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஸ்மாப் மண்ணீரத்தின் அடிப்படைச் சதுரமோ 36 கிலோமீற்றர். மூன்றையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகில் வயலளவு விபரத்தைத் தேடக்கூடாது. இதைப் பழைய நிலையங்களின் நிபுணர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். புதிய தளத்தில் ஒவ்வொரு தொகுதியின் கீழும் பயனர் வழிகாட்டியும் தரக்குறியீடுகள் பற்றிய குறிப்பும் இருக்கின்றன. பதிவிறக்கும் பொத்தானுக்கு முன்னால் கைபோக வேண்டிய இடம் அதுதான், யாரும் போவதில்லை.

அந்த மாணவி போனார். இரண்டு கிழமை கழித்து வந்து சொன்னார்: “வட்டை அந்தச் சதுரத்துக்குள்ளதான் இரிக்கி சேர். ஆனா பாதிச் சதுரம் கடலுக்குள்ள இரிக்கி.” மண்ணீரத்தை ஒதுக்கிவிட்டு, 16 நாளுக்கொருமுறை வரும் தாவரத் தரவில் பயிர் வாடத் தொடங்கிய கிழமையை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.