பரண் மேல தூங்கும் விலையில்லா லேப்டாப்... தூசி தட்டினா ரெண்டாவது திரை ரெடி!

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏற்காடு ஏறி, அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் மாரமங்கலம். காபியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலைக்கிராமம். லேப்டாப் மக்கர் பண்ணினால் ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அதனால், வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்கத் தெரிவது இந்த மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய பலம்.

அப்படி என்ன இருக்கிறது வீட்டில்? அக்காவோ அண்ணனோ ப்ளஸ் டூ படித்தபோது வாங்கிய, அரசின் விலையில்லா லேப்டாப்தான்!

அப்பவே ரெண்டு இருந்துச்சு!

2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய திட்டம் அது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுக்கப்பட்ட அந்த லேப்டாப்களை ஆன் செய்ததும், 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா?' என்று திரையில் கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். டெபியன் லினக்ஸ்தான் அதற்கு அடிப்படை.

இதற்குப் பெயர் 'டூயல் பூட்'. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்; ஆனால், ஒருவர் வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். விண்டோஸில் பாடம் பார்த்துக்கொண்டே லினக்ஸில் புரோகிராம் எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட்!

ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டுமா?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, விர்ச்சுவல் மெஷின். 'விர்ச்சுவல் பாக்ஸ்' போன்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டு, அதற்குள் லினக்ஸை ஓட விடலாம். எச்.டி.எம்.ஐ கேபிளில் ஒரு மானிட்டரையோ டி.வி-யையோ இணைத்து, லினக்ஸை அந்தத் திரையில் முழுசாக விரித்துவிட்டால் முடிந்தது. இடப்பக்கம் விண்டோஸ், வலப்பக்கம் லினக்ஸ். ஆனால், ஒரே ரேமை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். 16 இருந்தால் நிம்மதி.

இரண்டாவது வழிதான் நம்ம வீட்டுக்கானது. புது லேப்டாப்பில் விண்டோஸ். பரணிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'டெஸ்க்ஃப்ளோ' என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் போடுங்கள். ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு போதும். மவுஸை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு திரையின் விளிம்பைத் தாண்டி அடுத்த லேப்டாப்புக்குள் நுழைந்துவிடும்! இங்கே காப்பி செய்த எழுத்தை அங்கே பேஸ்ட் செய்யலாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இந்த வேலைக்கு நெட் டேட்டா கரையாது.

பழைய விண்டோஸ் ஏன் வேண்டாம்?

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்களை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளாது. ஆக, அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் கவுன்சலிங் படிவம் நிரப்புவதும், ஸ்காலர்ஷிப்புக்காக அப்பாவின் வங்கி விவரங்களைத் தட்டுவதும் பூட்டில்லாத வீட்டில் நகை வைப்பது மாதிரி. லினக்ஸுக்குக் காசும் வேண்டாம், அப்டேட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இறங்கும் முன் நான்கு விஷயங்கள்

* முதலில் பழைய லேப்டாப்பில் இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் போடும்போது 'டிஸ்க்கை அழிக்கவா?' என்று கேட்கும். ஓகே கொடுத்தால், போனது போனதுதான்.

* ஆரம்ப காலத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம்தான். அதனால், எக்ஸ்.எஃப்.சி.ஈ போன்ற எடை குறைந்த வகை லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். பத்து டேப் திறந்து யூடியூபும் பார்ப்பேன் என்றால் திணறும்.

* லினக்ஸ் ஃபைல் சில ஜிபி இருக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒருவர் டவுன்லோடு செய்து பென் டிரைவில் ஏற்றினால், ஊரே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் அது திருட்டு இல்லை, சட்டமே அனுமதிக்கிறது!

* பழைய பேட்டரி அநேகமாக உயிரை விட்டிருக்கும். மழைக்காலத்தில் கரன்ட் போனால் அந்தத் திரை உடனே அணைந்துவிடும். எழுதுவதை அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்க சேலத்துக்கோ சென்னைக்கோ போகும் பிள்ளை, காலேஜ் லேபில் லினக்ஸ் திரையைப் பார்த்து மிரளாமல் உட்கார்ந்தால் அதுவே பாதி வெற்றி. அந்தப் பழக்கத்தை, ஒரு ரூபாய் செலவில்லாமல் பரண் மேல் இருக்கும் லேப்டாப்பே கொடுத்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்களேன்!