உங்களுக்குத் தெரியுமா? – ஓஸ் சுருட்டும் வித்தை

பவர் ஸ்பிரேயருக்குப் பூட்டும் 8.5 மி.மீ. ஓஸ் 100 மீட்டர் நீளம் இருந்தால், அதற்குள் மட்டும் 5.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். தோப்பில் மருந்தடித்து முடித்தவர் பொழுது சாய இழுத்துச் சுருட்டுவது ஓஸை மட்டுமல்ல, அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான். கட்டடம் கட்டடமாகப் போய்க் கண்ணாடி கழுவுகிறவருக்கு இதே பாடு ஒரே நாளில் பல தடவை. வண்டியில் மோட்டார் வைத்த ரீல் வந்ததே முதுகுவலிக்குப் பயந்துதான்.

* * *

தண்ணீரில் உப்பே இல்லாவிட்டால் கழுவிய கண்ணாடியைத் துடைக்க வேண்டியதில்லை! ஆர்.ஓ.வில் வடிகட்டி, பிறகு ரெசின் நிரப்பிய குடுவை வழியாக விட்டால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தைத் தொடும். அந்தத் தண்ணீர் உலர்ந்தால் கண்ணாடியில் ஒன்றும் மிஞ்சாது. பெருந்துறைப் பக்கத்து உப்பு போர் தண்ணீரை அப்படியே அடித்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். மில் கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவருக்கு அந்தத் திட்டு படியப் படிய யூனிட்டும் குறையும்.

* * *

உயரத்தில் வேலை செய்வோருக்கான பாதுகாப்பு விதிகள் பிரிட்டனில் 2005-ல் வந்தன. ஏணியைத் தவிர்க்க முடிந்தால் தவிர் என்பதே அவற்றின் சாரம். ஜன்னல் கழுவுவோர் பலர் நீளக் கழிக்கு மாறினார்கள். நுனியில் பிரஷ், கூடவே சன்னமான ஓஸ், வண்டிக்குள் தொட்டி. ஏணி போயிற்று, ஓஸ் சுருட்டும் வேலை வந்து சேர்ந்தது.

* * *

கைபடாமல் ஒரு குழாயை இழுத்து, தானாகத் தண்ணீர் கொட்ட வைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் மொள்ளும் சாலுக்கு அடியில் தோலால் தைத்த குழாய் தொங்கும். அதுதான் தும்பி. சாலைத் தூக்குவது வடக்கயிறு, தும்பியின் வாயைப் பிடித்திருப்பது வால்கயிறு. இரண்டையும் ஒரே ஜோடி மாடு இழுக்கும். கிணற்றுக்குள் இருக்கும்வரை வால்கயிறு தும்பியை மேல்நோக்கி மடக்கி வைத்திருப்பதால் நிறைந்த சாலில் இருந்து தண்ணீர் இறங்கிவிடாது. சால் மேலே வந்ததும் வடம் அதை உயரத்தில் இருக்கும் உருளையை நோக்கி இழுக்கும். வால்கயிறோ தாழ்ந்த உருளை மேல் ஓடும். தும்பி தொட்டிப் பக்கமாக நீண்டு படுத்து, தண்ணீரைக் கொட்டிவிடும். யாரும் எட்டிப் பிடித்துக் கவிழ்க்க வேண்டாம்.

மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒய்யாரம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் உடம்பு எடையும் இழுவைக்கு உதவும். இரண்டு கயிறு, இரண்டு உயரத்தில் இரண்டு உருளை. இந்தக் கணக்கை முதலில் போட்டவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

* * *

1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள் என்பது கோவைக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் பெருமை. கிணறுகளில் மோட்டார் ஏற ஏற, கவலை மெல்ல ஓய்ந்தது.

* * *

ஓஸ் சுருட்ட எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? நினைப்பதைவிடச் சின்னதே போதும். 10 கிலோ இழுவையில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 50 வாட். உராய்வில் வீணாவதைச் சேர்த்து 100 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியில் எட்டு ஆம்பியர் சொச்சம். 100 மீட்டரும் சுருள 3 நிமிடம் 20 விநாடி. காரின் ஹெட்லைட் இரண்டையும் அவ்வளவு நேரம் எரியவிட்டாலும் இதே செலவுதான். தண்ணீர் பம்புக்கு வைத்திருக்கும் பேட்டரியே இதையும் தாங்கும்.

* * *

சங்கடம் மோட்டாரின் பலத்தில் இல்லை, அதை விடுவிப்பதில் இருக்கிறது. பழைய வைப்பர் மோட்டாரை மாட்டி ரீல் செய்யப் பார்க்கும் பட்டறைக்காரர் இங்கேதான் முட்டிக்கொள்வார். அதற்குள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் சுற்றினால் டிரம் சுற்றும், டிரம்மைப் பிடித்து இழுத்தால் மோட்டார் அசையாது. சுருட்டத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது! நடுவில் ஒரு கிளட்ச் போட்டே ஆக வேண்டும். அதற்காக டிரம்மை முழுக்கத் தளர்த்திவிட்டாலும் தொல்லை. ஓஸை வெடுக்கென்று இழுத்து நிறுத்தினால் டிரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு போகும், உள்ளே ஓஸ் தளர்ந்து சிக்கிக்கொள்ளும். லேசாக உரசும் ஒரு பிரேக் பட்டை அதைத் தடுத்துவிடும்.

* * *

வெறும் டிரம்மின் விட்டம் 20 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. ஓஸ் வரும். அடுக்கு ஏறி விட்டம் 40 ஆனால் 126 செ.மீ. மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் ஓஸ் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி வரும், இழுக்கும் பலமோ பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கு ஐரோப்பிய வயல்களில் பயிரையே பாதிக்கும். அங்கே ரெயின் கன்னைச் சக்கர வண்டியில் வைத்து, அதன் நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பெரிய டிரம்மில் சுருட்டிக்கொண்டே பாசனம் செய்கிறார்கள். டிரம்மைச் சுற்றுவது பாசனத் தண்ணீரே, வழியில் ஒரு டர்பைனைத் திருப்பிவிட்டுப் போகிறது. அடுக்கு ஏற ஏற வேகத்தைக் குறைக்காவிட்டால் இயந்திரத்துக்கு அருகில் இருக்கும் பயிருக்குத் தண்ணீர் குறைந்துவிடும். அதனால் வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் கூடவே வருகிறது.

* * *

போர் மோட்டார் தூக்குவதும் இதே குடும்பத்து வேலைதான். 20 அடி ஜி.ஐ. பைப்பில் 600 அடிக்கு மோட்டார் இறக்கியிருந்தால் 30 பைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கருப்பு எச்.டி.பி.இ. ஓஸில் நடுவே ஜாயின்ட் கிடையாது. சக்கரத்தின் மேல் போட்டு, வின்ச்சால் ஒரே இழுப்பாக மேலே கொண்டுவந்துவிடலாம்.

* * *

டிரம் சுற்றும்போது அதற்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய் ஏன் முறுக்கிக்கொள்வதில்லை? அச்சின் நடுவில் சுழலும் இணைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பாதி நிற்கும், மறு பாதி சுற்றும், இடையில் ரப்பர் வளையம். ரீலில் முதலில் ஒழுகுவது பெரும்பாலும் இந்த இடம்தான். வளையம் மலிவு, வண்டியில் இரண்டு கிடக்கட்டும்.

* * *

வாட்டர் சர்வீஸ் கடையில் தானாக உள்ளே போகும் ரீலில் மோட்டார் இல்லை, ஸ்பிரிங்தான். ஓஸ் நீளமாக ஆக ஸ்பிரிங்குக்கு மூச்சு வாங்கும். நூறு மீட்டர் வேலைக்கு மோட்டார்தான் சரி.

* * *

மோட்டார் ரீலில் தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் சுவிட்ச் வைக்காதீர்கள். அழுத்திப் பிடித்தால் ஓடி, கையை எடுத்தால் நிற்பதுதான் நல்லது. தோளில் கிடக்கும் துண்டு டிரம்மில் மாட்டினால் 12 வோல்ட் மோட்டாரும் விடாது. கடைசி இரண்டு மீட்டரை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றுங்கள். வேகமாக வரும் ஓஸ் நுனியின் பித்தளை முனை வண்டிக் கதவையும் உடைக்கும், முழங்காலையும் பதம் பார்க்கும்.