உகிர் தைத்த புண்

பருந்து பற்றி விடுத்த கோழி பெரும்பாலும் எழுந்து நிற்கும், நாலடி நடக்கும், சிறிது தீனியும் கொத்தும். அந்த நடையை நம்பிவிடலாகாது. இரையாகும் உயிர்கள் தம் நலிவை வெளிக்காட்டா. கோழி தலையைத் தொங்கவிட்டுக் கண்மூடி நிற்கிறதென்றால், கேடு முற்றிய பிறகே நாம் அதைக் காண்கிறோம் என்று பொருள்.

தமிழகச் சிற்றூர்களில் குஞ்சைத் தூக்குவது மிகுதியும் கரும்பருந்து. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள வல்லூறும் குஞ்சுகளை விடுவதில்லை. 1.5 கிலோ எடையுள்ள பெட்டையைத் தூக்கிப் பறக்க இவ்விரண்டாலும் இயலாது. மலையடிவாரங்களில் திரியும் பெருங்கழுகினங்களுக்கே அவ்வலிமை உண்டு. ஆகவே தாக்குண்ட வளர்ந்த கோழி, சேவல் பாய்ந்ததாலோ ஆள் அதட்டியதாலோ உயிரோடு நம் கைக்கு வந்துசேர்கிறது.

புண்ணைக் கண்டறிவதே முதல் இடர்ப்பாடு. உகிர் ஊசிபோல் இறங்கி மீளும். கோழியின் மெல்லிய தோல் மேலே கூடிக்கொள்ளும். இறகு அதை மறைத்துவிடும். ஈரப்பஞ்சால் இறகுகளை வகிடெடுத்து, முதுகு, விலா, சிறகடி என ஒவ்வோரிடமாகப் பார்க்கவேண்டும். கொன்றுண்ணிப் பறவை பின்விரலையும் முன்விரல்களையும் எதிரெதிராக இறுக்கிப் பிடிப்பதால், ஒரு துளையைக் கண்டால் அதற்கு எதிர்ப்புறத்தில் இணைத்துளையைத் தேடுவது நல்லது. விரலால் அழுத்துகையில் தோலுக்கடியில் நொறுநொறுவென்று ஓசை எழுந்தால், காற்றுப்பை கிழிந்து காற்று தோலடியில் கசிந்துள்ளது. அது கால்நடை மருத்துவர் உடனே பார்க்கவேண்டிய நிலை.

இங்கே பறவையுடலின் அமைப்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தே மூச்சு நடக்கிறது. குருதியை நிறுத்தும் அவசரத்தில் மார்பை இறுகக் கட்டினால் மூச்சு முட்டி இறந்துபோகும். தூய துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்தினாலே போதும். 1.5 கிலோ கோழியின் உடலில் உள்ள குருதி ஏறத்தாழ 100 மில்லி லிட்டர்தான். கசிவு சிறிதென்று விட்டுவிட முடியாது. அடுத்து வேண்டுவன இருளும் அமைதியும் வெதுவெதுப்பும். இயல்பில் 41 பாகை செல்சியசுக்கு மேல் நிற்கும் அதன் உடல்வெப்பம் அதிர்ச்சியில் தாழும். பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு கிடைக்கச் செய்தால், வெக்கை மிகுந்தபோது கோழி தானே மறுபாதிக்கு ஒதுங்கிக்கொள்ளும். தண்ணீரை அலகில் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாவடியிலேயே திறந்திருக்கிறது.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துப் புண்ணைக் கழுவலாம். முதுகிலும் விலாவிலும் உள்ள ஆழ்துளைக்குள் மட்டும் நீரைப் பீய்ச்சக்கூடாது. அத்துளை காற்றுப்பைவரை சென்றிருந்தால் நீர் மூச்சுப்பாதையை நிறைத்துவிடும். மேற்சிறகெலும்பின் உட்புழையும் காற்றுப்பையோடு தொடர்புடையது. அவ்வெலும்பு முறிந்து வெளித்தெரியும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

மஞ்சளைக் குழைத்து அப்புவது நம் வழக்கம். மஞ்சளுக்கு நுண்ணுயிரை அடக்கும் ஆற்றல் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. துளையின் வாயை அது அடைத்துவிடுவதே என் தடை. உகிரோடு உள்ளே போன அழுக்கு வெளிவர வழி வேண்டும். தையலும் அக்காரணத்தாலேயே துளைப்புண்ணுக்கு ஆகாது. வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றித் தடவினால் ஈ அண்டாது. வெயிற்காலத்தில் ஈயின் முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும்.

கோழியின் சீழ் ஒழுகாது. சீழை நீர்மமாக்கும் நொதிகளுள் சில அதன் வெள்ளணுக்களில் இல்லாமையால், அது வெந்த முட்டைக்கருபோல் கெட்டியாக உள்ளேயே தங்கும். மருந்து மட்டும் கொடுத்து அதைக் கரைக்க இயலாது, மருத்துவர் அகழ்ந்தெடுக்கவேண்டும். அவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு எத்தனை நாள் முட்டையை ஒதுக்கவேண்டும் என்பதையும் கேட்டறிக.

ஓரிரு நாளில் புண்ணைச் சுற்றித் தோல் பச்சையாக மாறுவதைக் கண்டு, அழுகிவிட்டதென்று அஞ்சிக் கோழியை அறுத்துவிடுவோர் உளர். கன்றிய குருதி சிதைகையில் பச்சை நிறமி பிறக்கிறது. நம் உடலில் ஒரு நொதி அதை மஞ்சளாக்கும். கோழியில் அவ்வேலை பெரும்பாலும் நடவாமல் பச்சையே எஞ்சுகிறது. நாற்றமும் ஈரமும் வீக்கமும் சேர்ந்திருந்தாலன்றி அஞ்சவேண்டியதில்லை.

புண் ஆறும்வரை கூட்டத்தினின்று பிரித்து வைக்கவேண்டும். சிவந்த தசையைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தியே பெரிதாக்கும். முற்றும் விலக்கினாலோ கொத்துவரிசையில் அதன் இடம் பறிபோய், திரும்பும் நாளில் புதிதாய்ச் சண்டை மூளும். கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் பார்வைபட வைத்திருந்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

பருந்து மறுநாளும் வரும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். கொல்லையின் மேல் வலை கட்டலாம். தாழ்வான பந்தலில் அவரையோ பீர்க்கையோ படரவிட்டால் மேலிருந்து பாய இடமிராது.