பாட்டியின் பச்சையும் பேரனின் போர்வீரனும்

கோவில்பட்டிக் கரிசற்சீமையின் மூதாட்டியர் சிலரது முன்னங்கையில் கோலமும் தேளும் இன்னும் பச்சையாய்த் தெரியும். மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் திரித்து விளக்கில் எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குறத்தியர் ஊசியால் குத்தியவை அவை. தோலுக்கடியில் கரி நீலப்பச்சையாகத் தோன்றும். பெயர்க் காரணம் அதுவே.

பேரனோ புஜத்தில் வைக்கிங் போர்வீரனைக் கேட்கிறான். இதற்கும் கரிய மைதான். நீர் கலந்து சாம்பல் நிழலிட்டு, நிழற்படம்போல் தாடியும் சுருக்கமும் தீட்டுகிறார்கள். கைத்திறனை மெச்சத்தான் வேண்டும். ஆனால் தலைக்கவசக் கொம்புகள் வெறும் கற்பனை. 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளால் பரவியவை. நார்வேயில் 1943இல் கிடைத்த மெய்யான வைக்கிங் கவசத்தில் கொம்பே இல்லை. அந்நாட்டு அரசர் ஓலாவ், வைக்கிங்காகக் கடலோடியவர், 1030இல் போர்க்களத்தில் மடிந்தார். திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. நமது இராணுவம் முழங்கை உட்புறம் முதல் மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சையை ஏற்கிறது. பழங்குடியினருக்கு மட்டும் விலக்குண்டு. ஓட்டத்தில் முந்திய பையன், புஜத்து வீரனால் மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பப்படலாம். லேசரால் அழிக்கலாமே என்பார்கள். அதற்குப் பல தவணைகள் வேண்டும், தழும்பும் எஞ்சலாம்.